கடல் கடந்து ஒரு நாள்

'செலவு' என்னும் சொல்லைக் கேட்டதும் பையிலிருந்து பணம் வெளியேறுவதுதான் இன்று நம் நினைவுக்கு வருகிறது. பழந்தமிழில் அச்சொல் பயணத்தையும் குறிக்கும். பொருள் தேடித் தலைவன் ஊரைவிட்டுப் புறப்படுவதைச் செலவு என்றே நம் முன்னோர் கூறினர். வேற்று மாநிலங்களில் குடியேறி வாழும் நமக்கு இவ்விரு பொருளும் ஒன்றாகிவிட்டன. ஆண்டுதோறும் ஊருக்குச் சென்று வரும் பயணமே நம் குடும்பங்களின் பெருஞ்செலவாக இருக்கிறது.

கோயிற் கொடை, தம்பி திருமணம், பெரியப்பாவின் காரியம், பள்ளிவிடுமுறை என ஏதேனும் ஒன்று நம்மை நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏற்றிவிடுகிறது. மத்திய அரசு ஊழியர்க்கு விடுப்புப் பயணச் சலுகை என்று ஒன்று உண்டு. நான்காண்டுத் தொகுதிக்கு ஒருமுறை நாட்டின் எந்த மூலைக்கும் சென்று வர அவ்விதி இடந்தருகிறது. ஆயினும் நம்மவரிற் பலர் அதையும் சொந்த ஊருக்கே பயன்படுத்திவிடுகின்றனர். இதில் தவறொன்றும் இல்லை. வேரை மறவாத மரந்தான் நிலைத்து நிற்கும்.

ஆனால் இத்தனை பயணங்களுக்கு இடையே, கணவனும் மனைவியும் இருவராக மட்டும் சேர்ந்து கழித்த நாள் எது என்று கேட்டால், பலர் திருமணமான புதிதில் என்பர். சிலர் சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றுவர். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டது அந்த ஒரு நாளைப் பற்றித்தான்.

மாலத்தீவு, பாலித்தீவு, தாய்லாந்தின் பட்டாயா என்று அயல்நாட்டுக் கடற்கரை ஊர்களின் விளம்பரங்கள் நாள்தோறும் நம் கண்ணிற் படுகின்றன. தென்னை மரமும் நீலக் கடலும், அவற்றின் முன்னே சிரித்து நிற்கும் இளந்தம்பதியரும் அவற்றில் தவறாமல் இருப்பர். நல்லதுதான், இயன்றவர் சென்று வரட்டும். ஆனால் கடல் கடந்து ஒரு கடற்கரை ஊருக்குச் செல்வதற்கு மும்பைத் தமிழருக்கு விமானமும் வேண்டாம், கடவுச்சீட்டும் வேண்டாம். இந்தியாவின் நுழைவாயில் எனப்படும் கேட்வேயிலிருந்து படகேறினால் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் மாண்ட்வா துறை வந்துவிடும். அங்கிருந்து பேருந்தில் சென்றால் அலிபாக். ராய்கட் மாவட்டத்தின் தலைநகரமாகிய அவ்வூருக்கு நாங்கள் இருவரும் கடந்த தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சென்று வந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை என்றதும் ஒரு செய்தியைச் சொல்லாமல் மேலே செல்ல மனம் வரவில்லை. அந்த ஓய்வுநாள் இந்நகரத் தொழிலாளர்க்குத் தானாகக் கிடைத்ததன்று. பம்பாய் நூற்பாலைகளில் வேலை செய்தோர்க்கு வார விடுமுறை வேண்டுமென்று நாராயண் மேகாஜி லோகாண்டே என்பார் 1884-ஆம் ஆண்டு முதல் கூட்டங்கள் கூட்டினார், விண்ணப்பங்கள் அளித்தார். இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடி என்று போற்றப்படுபவர் அவர். ஆலை உரிமையாளர்கள் இறுதியில் இணங்கி, 1890-ஆம் ஆண்டு ஜூன் 10-ஆம் நாள் ஞாயிறு விடுமுறையை ஏற்றுக்கொண்டனர். நாம் துணி துவைத்தும் கடைக்குச் சென்றும் கழித்துவிடுகின்ற அந்த நாளைப் பெறுவதற்கு, முன்னிருந்தோர் ஆறாண்டுகள் போராடியிருக்கின்றனர். அதில் ஒன்றையாவது நமக்கென்று எடுத்துக்கொள்வது அவர்களுக்குச் செய்யும் மரியாதையுமாகும்.

மும்பையில் இருப்போர்க்குக் கடல் புதிதா என்று மற்ற ஊர்களில் இருக்கும் நேயர்கள் வினவக்கூடும். இந்நகரைச் சுற்றிலும் கடல் இருப்பது உண்மையே. தாராவி என்பதே முற்காலத்தில் மாகிம் கழிமுகத்தை ஒட்டியிருந்த கோலி மீனவர்களின் சிற்றூர். பம்பாயின் பெரிய மீனவர் குடியிருப்புகள் ஆறனுள் ஒன்றாக 1909-ஆம் ஆண்டு அரசு விவரச்சுவடி அதனைக் குறிக்கின்றது. 1845-இல் மாகிமுக்கும் பாந்திராவுக்கும் இடையே கடற்பாலச் சாலை அமைந்தது. பின்னர்ச் சதுப்பு நிலங்கள் மெல்ல மெல்ல மேடாக்கப்பட்டன. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு வந்த நம் மக்கள் அந்த மேட்டில்தான் குடியேறினர். இன்று தாராவியில் நின்றால் கழிமுகத்தின் வாடை வரும். கடல் கண்ணுக்குத் தெரியாது. அதிகாலையில் குழாயடியிலும், பிறகு அடுப்படியிலும், பகலெல்லாம் அப்பளம் இடுவதிலும் பொழுது கழிந்துவிடுகின்ற பெண்டிருக்கு, சிறிது தொலைவிலேயே இருக்கும் கடல், ஊரில் இருக்கும் கடலைவிடத் தொலைவாகிவிடுகிறது.

இனிப் பயணத்தைச் சொல்வோம். மாட்டுங்காவில் இருப்போர் மத்திய ரயில் பாதையிலும், செம்பூரில் இருப்போர் துறைமுகப் பாதையிலும் சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தை அடையலாம். ஞாயிறுகளில் பழுதுபார்ப்புக்காகச் சில பாதைகளில் வண்டிகளை நிறுத்திவிடுகின்ற வழக்கம் இருப்பதால், காலை 7 மணிக்கே புறப்பட்டுவிடுவது நல்லது. நாங்கள் மாட்டுங்கா பூக்கடையில் இரண்டு முழம் மல்லிகையும், வீட்டிலிருந்து புளியோதரைப் பொட்டலமும் எடுத்துக்கொண்டு புறப்பட்டோம். பிள்ளைகள் இருவரையும் எம் அன்னையார் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். "இருவரும் எங்கே போகிறீர்கள்?" என்று மாடிப்படியில் மூன்று வீட்டார் கேட்டனர். "அலிபாக்" என்றோம். "யார் வீட்டுக்கு?" என்று அடுத்த கேள்வி பிறந்தது. யார் வீட்டுக்கும் இல்லை என்பதை அவர்களுக்குப் புரிய வைப்பது சற்றுக் கடினமாகவே இருந்தது.

படகுத்துறையில் பெறும் சீட்டிலேயே பல நிறுவனங்கள் பேருந்துக் கட்டணத்தையும் சேர்த்துவிடுகின்றன. படகு நகர்ந்ததும் கடற்காகங்கள் கூட்டமாகப் பின்தொடர்ந்தன. குளிர்காலத்தில் மட்டுமே இங்கு வந்து தங்கிச் செல்லும் பறவைகள் அவை. நகரத்தின் உயர்ந்த கட்டடங்கள் சிறுத்து, பின் பனிமூட்டத்திற் கரைந்தன. மேல்தட்டில் எம் மனைவியார் நெடுநேரம் ஒன்றும் பேசாமல் நின்றார். "இத்தனை ஆண்டுகளில் இந்த ஊரை வெளியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை" என்று மட்டும் பிறகு சொன்னார்.

மாண்ட்வாவிலிருந்து பேருந்து தென்னந்தோப்புகளுக்கும் பாக்குத் தோட்டங்களுக்கும் இடையே முக்கால் மணி நேரம் செல்கின்றது. ஓட்டு வீடுகளும், கிணற்றடி வாழைகளும், முற்றத்துத் துளசி மாடங்களும் தெரியும்போது, நாகர்கோவிலுக்குச் செல்லும் வழியோ என்னும் மயக்கம் உண்டாகும்.

அலிபாக் என்றால் அலியின் தோட்டம் என்பது பொருள். அலி என்னும் செல்வர் இங்கே தோட்டங்களும் கிணறுகளும் அமைத்தார் என்றும், அவர் பெனே இசுரேல் எனப்படும் யூத வகுப்பைச் சேர்ந்தவர் என்றும் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். அவ்வகுப்பாரின் முன்னோர் கப்பல் உடைந்து, அருகிலுள்ள நவ்காவ் கரையில் ஒதுங்கினர் என்பது அவர்களுடைய மரபுக்கதை. எண்ணெய் ஆட்டுவதே அவர்களுக்குத் தொழிலாக இருந்தது. வாரந்தோறும் சனிக்கிழமையன்று செக்கை நிறுத்திவிடுவராதலின், ஊரார் அவர்களைச் 'சனிவார் தேலி', அதாவது சனிக்கிழமை வாணியர் என்றே அழைத்தனர். புலம்பெயர்ந்து வந்து, மொழியையும் உடையையும் இந்நாட்டினவாக ஆக்கிக்கொண்ட பின்னும், அந்த ஓய்வுநாளை மட்டும் அவர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. பிற்காலத்தில் அவர்களிற் பலர் இசுரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்டனர். எனினும் அவர்களுடைய தொழுகைக் கூடம் இன்றும் ஊருக்குள் இருக்கிறது.

கடற்கரைக்குச் செல்லும் வழியில் காந்தப்புல ஆய்வுக்கூடம் ஒன்று உண்டு. பூமியின் காந்தப்புலத்தை அளக்கும் கருவிகள் முன்னர்ப் பம்பாயின் கொலாபாவில் இருந்தன. நகரத்தில் மின்சார டிராம் வண்டிகள் ஓடத் தொடங்கினால் அக்கருவிகள் தடுமாறும் என்பதை முன்கூட்டியே உணர்ந்து, 1904-ஆம் ஆண்டில் இந்த அமைதியான ஊருக்கு அப்பணியைக் கொண்டுவந்தனர். கட்டடத்திலும் காந்தத்தால் ஈர்க்கப்படும் பொருள்களைத் தவிர்த்தனர். அந்த டிராம்கள் 1964-இல் மறைந்துவிட்டன. ஆய்வுக்கூடம் இன்றும் அளந்துகொண்டே இருக்கின்றது. நகரத்தின் இரைச்சலில் நுண்ணியவற்றைக் கேட்க இயலாது என்பதை அறிவியலாரும் ஒப்புக்கொண்டிருக்கின்றனர்!

அலிபாக் கடற்கரையின் மணல் சற்றுக் கருமை கலந்தது. விளம்பரங்களிற் காணும் நீல நிறத்தை இங்கே எதிர்பார்க்கக்கூடாது. இதன் சிறப்பு வேறு. கரையிலிருந்து சற்றேறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவில், கடலுக்குள் ஒரு கோட்டை நிற்கின்றது. அதுவே குலாபாக் கோட்டை. நீர் ஏறியிருக்கும்போது அது தீவு. நீர் இறங்கியதும் நடந்தே செல்லலாம்.

திருச்செந்தூரிலும் தூத்துக்குடியிலும் கடலைப் பார்த்து வளர்ந்தோர்க்கு இது பெருவியப்பாகத் தோன்றும். நம் கீழைக் கடலில் ஓதம் ஏறுவதும் இறங்குவதும் ஒரு மீட்டர் அளவுக்குள் அடங்கிவிடும். மும்பைக் கடலிலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி அது நான்கு மீட்டரையும் கடக்கும். நாளொன்றுக்கு இருமுறை ஏறி இருமுறை இறங்கும். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் பின்தள்ளிப் போகும். அமாவாசையன்றும் பௌர்ணமியன்றும் இப்பகுதியில் நண்பகலை ஒட்டி நீர் நன்றாக ஏறியிருக்கும். அந்நேரத்தில் கோட்டைக்கு நடக்க இயலாது. நாங்கள் சென்ற நாள் ஏகாதசியை ஒட்டியது. பிற்பகல் 3 மணியளவில் நீர் மிகவும் இறங்கும் என்று ஓத அட்டவணையிற் கண்டு, 2 மணிக்குக் கணுக்கால் நீரில் நடக்கத் தொடங்கினோம். நடக்க மாட்டாதவர்க்குக் குதிரை வண்டிகளும் உண்டு. "நம் ஊர்க் கடல் இருந்த இடத்திலேயே இருக்கும், இந்தக் கடல் எழுந்து எங்கோ போய்விட்டு வருகிறதே!" என்று எம் மனைவியார் வியந்தார்.

இக்கோட்டையைக் கட்டும் பணி சிவாஜியின் ஆணைப்படி 1680-ஆம் ஆண்டில் தொடங்கியது. அவர் மறைந்த பின் சம்பாஜி அதனை முடித்தார். மராட்டியக் கடற்படைத் தலைவர் கானோஜி ஆங்கிரேயின் தலைமையிடமாக இது விளங்கியது. 1721-இல் ஆங்கிலேயரும் போர்ச்சுகீசியரும் ஒன்றுசேர்ந்து தாக்கியும் இதைக் கைப்பற்ற இயலவில்லை. 1729-இல் மறைந்த அவருடைய சமாதி அலிபாக் ஊருக்குள்ளேயே இருக்கின்றது. கோட்டையினுள் பிள்ளையார் கோயிலும், உப்புக் கடலின் நடுவே நன்னீர்க் கிணறும் உண்டு.

இங்கிருந்து வடமேற்கே தெரியும் கண்டேரித் தீவுக் கோட்டைக்கும் நம் நாட்டுக்கும் ஓர் உறவு உண்டு. மராட்டியரின் படைக்கோட்டைகள் பன்னிரண்டினை 2025-ஆம் ஆண்டு ஜூலையில் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அவற்றுள் பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளன. கண்டேரி அவற்றுள் ஒன்று. எஞ்சிய பன்னிரண்டாவது நம் செஞ்சிக் கோட்டை! சிவாஜியின் மகன் இராசாராம் 1689-இல் மொகலாயப் படைக்குத் தப்பித் தெற்கே வந்து, செஞ்சியில் இருந்தவாறே 1698 வரை தாக்குப்பிடித்தார். நாம் பிழைப்பைத் தேடி இங்கே வந்ததற்கு முன்பே, இங்கிருந்து ஓர் அரசர் அடைக்கலம் தேடி நம்மிடம் வந்திருக்கின்றார். வந்தேறிகள் என்று நம்மை யாரேனும் சொல்லும்போது இதை நினைவில் கொள்ளலாம்.

கோட்டை மதிலின் மேல் ஒரு நிழலான இடத்தில் அமர்ந்தோம். சுற்றிலும் ஈரமணலும் பாறையுமாகக் கடற்படுகை தெரிந்தது. நம் இலக்கணத்தில் கடற்கரைக்கு நெய்தல் என்று பெயர். அதற்குரிய பொழுது பகலவன் சாயும் வேளை. அதற்குரிய உணர்வு பிரிந்தவரை எண்ணி இரங்குதல். சிலப்பதிகாரத்தின் கானல்வரியில் கோவலனும் மாதவியும் புகார்க் கடற்கரைக்கு ஒரு நாள் வருகின்றனர். யாழை மீட்டி அவன் பாட, அவன் மனம் வேறெங்கோ இருப்பதாக இவள் ஐயுறுகின்றாள். அதற்கு எதிராக இவள் பாட, அவனும் ஐயுற்றுப் பிரிந்து செல்கின்றான். இருவரும் பாடினரே தவிர, ஒருவரையொருவர் நேரே கேட்கவில்லை. பெருங்காப்பியத்தின் துயரம் முழுவதும் அந்த ஒரு மாலையிலிருந்து விரைந்து நடக்கத் தொடங்குகின்றது.

நம் வீடுகளில் நேரே கேட்பதற்கு இடமில்லை என்பதுதான் உண்மை. தாராவியின் நூற்றைம்பது சதுர அடி வீட்டிலும், செம்பூரின் ஓரறைக் குடியிருப்பிலும், அரசுக் குடியிருப்பின் இரண்டறைகளிலும், கணவன் மனைவி பேசுவதை முதியவர் கேட்பர், பிள்ளைகள் கேட்பர், சுவருக்கு அப்பால் இருப்பவரும் கேட்பர். ஆகவே பல செய்திகள் பேசப்படாமலே கிடந்து, பின்னர் அரிசி விலையைப் பற்றிய சண்டையாக வெளிப்படும்.

அன்று அம்மதிலின் மேல் எம் மனைவியார், பல திங்களாக நெஞ்சிற் கிடந்த ஒன்றைச் சொன்னார். திருச்செந்தூருக்கு அருகில் ஒரு சிற்றூரில் அவருடைய தாயார் தனியே வாழ்கின்றார். சென்ற ஆடியில் முற்றத்தில் வழுக்கி விழுந்தவர், கோல் ஊன்றி நடக்கின்றார். "அம்மாவை இனியும் தனியாக விட்டுவைக்க முடியாது. நம் வீட்டிலோ அத்தை இருக்கிறார்கள். இரண்டே அறை. என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். வீட்டில் இதை எப்படிச் சொல்வது? அத்தையின் காதில் விழுந்தால் தம்மைச் சுமையாகக் கருதுவதாக எண்ணுவார். பிள்ளைகள் கேட்டால் பாட்டிக்குத் தொலைபேசியிற் சொல்லிவிடுவர்.

ஒன்றரை மணி நேரம் அதைப் பற்றியே பேசினோம். மகனின் படிப்பு மேசையை நடைக்கு மாற்றினால் ஒரு கட்டில் போட இடம் கிடைக்கும் என்று கணக்கிட்டோம். இரு முதியவரும் ஓரறையில் படுக்க இசைவரா என்பதை அத்தையிடம் எம் மனைவியாரே முதலிற் கேட்பது, பங்குனிக்குப் பின் மூன்று திங்களுக்கு மட்டும் அழைத்து வந்து பார்ப்பது, மாதந்தோறும் ஊரில் மருந்துக்கு ஆகும் பணத்தை இங்கேயே ஒதுக்குவது என்று முடிவு செய்தோம். ஊரையும் வீட்டையும் விட்டு அவர் வர இசைவாரா என்பது வேறு கேள்வி. எனினும் எம் மனைவியார் அதுவரை தனியே சுமந்ததை இருவருமாகச் சுமக்கத் தொடங்கினோம். நீர் ஏறத் தொடங்குகிறது என்று குதிரைவண்டிக்காரர் குரல் கொடுத்ததும் இறங்கி நடந்தோம்.

செல்ல விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். ஜூன் முதல் மழைக்காலம் முடியும்வரை கேட்வேயிலிருந்து இப்படகுகள் ஓடா. அப்போது சாலைவழியே செல்ல வேண்டும். அது ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். 2024 ஜனவரியில் திறக்கப்பட்ட அடல் சேது என்னும் கடற்பாலம் அவ்வழியை எளிதாக்கியிருக்கின்றது. படகில் மிதவை அங்கியை வெட்கப்படாமல் அணிந்துகொள்ளுங்கள். 2024 டிசம்பரில் எலிபண்டாத் தீவுக்குச் சென்ற படகு ஒன்று மோதிக் கவிழ்ந்து பலர் உயிரிழந்தனர். ஓத நேரத்தை அறியாமல் கோட்டைக்கு நடக்கவே கூடாது. திரும்பும் நேரத்தையும் முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும். கட்டுச்சோறு கொண்டுபோனாலும், கோகம் பழமும் தேங்காய்ப்பாலும் சேர்த்த சோல்கடியை ஒரு குவளை அருந்தாமல் வராதீர்கள். கோடைத் தொடக்கத்தில் செல்வோர் இவ்வூர் வெள்ளை வெங்காயத்தை வாங்கி வரலாம். பூச்சரம்போலத் தாளோடு பின்னி விற்பர். காரம் குறைந்த இவ்வெங்காயத்துக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கின்றது.

மாலைப் படகில் திரும்பினோம். இருவருக்கும் சேர்த்து அன்றைய செலவு, ஊருக்குச் சென்று வரும் ஒரு பயணத்தின் சிறு பகுதிதான்.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களை நிலைநிறுத்துவது ஊரிலுள்ள சுற்றமும், இங்குள்ள சங்கங்களும், கோயில்களும் என்று நாம் அடிக்கடி பேசுகின்றோம். அவை யாவும் உண்மை. அவற்றுக்கெல்லாம் அடியில் இருப்பது, வேற்றூரில் ஒருவருக்கொருவர் துணையாகிய இருவர். அவ்விருவரும் பேசிக்கொள்ள ஆண்டில் ஒரு நாளாவது வேண்டும். கொல்கத்தாவில் இருப்போர்க்குக் கங்கைக் கரை உண்டு. டில்லியில் இருப்போர்க்குப் பழங்கோட்டைகளின் புல்வெளி உண்டு. பெங்களூரில் இருப்போர்க்கு நந்தி மலை உண்டு. இடம் எதுவாயினும் ஆகட்டும். அடுத்த ஊர்ப்பயணத்துக்குப் பணம் ஒதுக்கும்போது, அதிலிருந்து இந்த ஒரு நாளைக்கும் சிறிது எடுத்து வையுங்கள்.